அம்மாவின் டயாலிசிஸ் பையைப் பார்த்துப் படிப்பது எப்படி

அம்மாவுக்குச் சிறுநீரகம் வேலை செய்யாததால், வயிற்றுக்குள் திரவத்தை விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியே எடுக்கும் வயிற்று டயாலிசிஸை வீட்டிலேயே செய்யத் தொடங்கி நான்கு வருடம் ஆகிறது. தினமும் நான்கு முறை, இரண்டு லிட்டர் பை. கிருமி மட்டும்தான் எதிரி என்று முதலில் நினைத்திருந்தேன். உள்ளே விடுகிற திரவமே, வடிகட்டியாக வேலை செய்யும் வயிற்றின் உள் உறையை உறுத்தும் என்பது பிறகுதான் புரிந்தது.

உடம்பில் தேங்கிய நீரை இழுப்பது அதிலுள்ள டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரை. பையைத் தயாரிக்கும் இடத்தில் சூடாக்கிக் கிருமி நீக்கும்போது அது கொஞ்சம் சிதைகிறது. திரவத்தில் அமிலத்தன்மையும் உண்டு. நாள்பட இவையெல்லாம் உறையில் அழற்சியைத் தூண்டித் தடிக்க வைக்கும், புது இரத்தக் குழாய்களை வளர்க்கும். அப்புறம் சர்க்கரை சீக்கிரமே இரத்தத்துக்குப் போய்விடும், நீர் இறங்காது.

அதனால் சர்க்கரை அதிகமுள்ள பையின் தேவையைக் குறையுங்கள். எங்கள் பைகளில் மஞ்சள் வளையம் 1.5 சதவீதம், பச்சை 2.5, சிவப்பு 4.25. எதைப் போடுவது என்பது மருத்துவர் முடிவு. ஆனால் சிவப்பைத் தேட வைப்பது பெரும்பாலும் உப்புதான். அம்மா அப்பளமும் கருவாடும் விட்ட பிறகு எங்களுக்குச் சிவப்பு அபூர்வமாகிவிட்டது. தினமும் எடை, பி.பி., வெளியேறிய நீரின் அளவு மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். இரவு நீண்ட நேரத்துக்கு ஐக்கோடெக்ஸ்ட்ரின் (டெக்ஸ்ட்ரோஸுக்குப் பதிலாக, மெதுவாக உறிஞ்சப்படும் மாவுப்பொருள்) பை ஒத்துவருமா, சர்க்கரைக்கு உள்ளேயே தனிப் பிரிவு உள்ள பை கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். விலை கூடுதல்தான்.

மாற்றும்போது ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, மாஸ்க் போட்டு, சோப்பால் கை கழுவித் துடைத்துவிட்டுத்தான் குழாயைத் தொட வேண்டும். பையைச் சூடாக்க வெந்நீரில் போடாதீர்கள்.

வெளிவந்த பையைச் செய்தித்தாள் மேல் வையுங்கள். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் சரி. ஒரு நாள் காலை அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வந்தது, தலைப்புச் செய்திகூடத் தெரியவில்லை. அம்மாவுக்கு வலி அவ்வளவாக இல்லை. காத்திருக்கவில்லை, அந்தப் பையையே எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். மைக்ரோலிட்டருக்கு 100-க்கு மேல் வெள்ளணுக்கள், அதில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் என்ற வகை இருந்தால் தொற்று என்றே எடுத்துக்கொள்வார்கள். அம்மாவுக்கு அதைவிட மிக அதிகம். ஆன்டிபயாடிக்கைப் பைக்குள்ளேயே கலந்து விட்டார்கள். தயவுசெய்து கலங்கிய பையைக் கொட்டிவிடாதீர்கள், பரிசோதனைக்கு அதுதான் வேண்டும்.

மூன்றாம் நாள் பொடி எழுத்தும் தெரிந்தது. அம்மாவே வாசித்துக் காட்டினார்.