கணுக்காலை விரலால் தொட்டு அறிவது எப்படி?

என்னிடம் பிசியோதெரபிக்கு வருபவர்களில் கபடி ஆடும் பிள்ளைகள் அதிகம். "எங்கே வலிக்குது?" என்றால் உள்ளங்கையால் கணுக்கால் முழுவதையும் மூடிக் காட்டுவார்கள். ஒற்றை விரலால் காட்டத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வலி இல்லாத நாளிலேயே அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

நாற்காலியில் உட்கார்ந்து, இரு பக்கமும் புடைத்திருக்கும் எலும்புகளைப் பிடியுங்கள். உள்பக்கம், முழங்காலுக்குக் கீழே உள்ள தடித்த எலும்பான டிபியாவின் முனை; வெளிப்பக்கம், அதன் பக்கத்து மெல்லிய எலும்பான ஃபிபுலாவின் முனை. வெளிமுனை சற்றுத் தாழ்ந்து, பின்தள்ளி இருக்கும். இரண்டுக்கும் நடுவில் டேலஸ் எலும்பு. பாதம் மேலும் கீழும் அசைவது இந்த மூட்டில்தான். பக்கவாட்டில் திரும்புவது பெரும்பாலும் டேலஸுக்கும் குதிகால் எலும்புக்கும் இடையிலுள்ள மூட்டில்.

டேலஸின் முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். பாதத்தை மேலே மடக்கினால் அகலப் பகுதி உள்ளே வந்து இறுகும். கீழே நீட்டினால் குறுகிய பகுதி வந்து தளரும். குதித்து இறங்கும்போது முன்பாதம் முதலில் பட்டால் கால் எளிதில் பிசகுவது இதனால்தான்.

அப்புறம், வெளிமுனைக்குச் சற்று முன்னால் மெத்தென்ற பள்ளம் ஒன்று தட்டுப்படும். அங்கே விரலை வைத்து, பாதத்தைக் கீழே நீட்டி மெல்ல உள்பக்கம் திருப்புங்கள். விரலுக்கடியில் இழுபடுகிற இடத்தில் ஃபிபுலாவையும் டேலஸையும் இணைக்கும் முன் லிகமெண்ட் (எலும்புகளைப் பிணைக்கும் நார்ப்பட்டை) இருக்கிறது. சுளுக்கில் பெரும்பாலும் முதலில் கிழிவது இதுதான். இரண்டாவது லிகமெண்ட் வெளிமுனையின் நுனியிலிருந்து குதிகால் எலும்புக்குச் சாய்வாக இறங்குகிறது. பின்னாலிருக்கும் மூன்றாவது ஆழத்தில் இருப்பதால் கைக்குச் சிக்காது. உள்பக்கத்து டெல்டாய்டு லிகமெண்ட் விசிறிபோல் விரிந்த, பலமான பட்டை.

சரி, கால் பிசகிவிட்டது. அந்தப் பள்ளத்தில் மட்டும் வலித்தால் லிகமெண்டாக இருக்கலாம். இரு முனைகளின் நுனியிலோ, அங்கிருந்து பின்விளிம்போடு 6 செ.மீ. மேலே வரையிலோ எலும்பை அழுத்தும்போது வலித்தாலும், அடிபட்டபோதும் பிறகும் நாலு அடி வைக்க முடியாவிட்டாலும் எக்ஸ்ரே வேண்டும். கனடாவின் ஒட்டாவாவில் 1992-இல் வகுத்த விதி இது. சுண்டுவிரலுக்கு நேராகப் பாதத்தின் நடு விளிம்பில் துருத்தும் எலும்பையும், உள்பக்க முனைக்கு முன்னால் இருக்கும் நாவிகுலர் எலும்பையும் அழுத்திப் பாருங்கள். வலித்தால் அதற்கும் எக்ஸ்ரேதான்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம், நேரே மருத்துவரிடம் போங்கள். எலும்பு முறியவில்லை என்று தெரியும்வரை எண்ணெய் போட்டு உருவிவிட யாரையும் அனுமதிக்காதீர்கள்.