கூரை ஜன்னல் கண்ணாடி பனித்துப்போனால்

இங்கிலாந்தில் மாடி அறைக் கூரை ஜன்னலின் இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே ஈரம் படர்ந்து மங்கிவிட்டதா? முழு ஜன்னலையும் மாற்ற விலை கேட்பதற்கு முன், ஜன்னலைத் திறந்து, திறக்கும் ஜன்னல் கதவின் மேல் விளிம்பைப் பாருங்கள். வெலக்ஸ் (Velux) நிறுவனத்தின் ஜன்னல் என்றால் அங்கே சிறிய தகடு ஒன்று இருக்கும். அதிலுள்ள குறியீட்டைச் சொல்லிக் கண்ணாடியை மட்டும் வாங்கி மாற்றலாம். 'எம்கே04' (MK04) என்றால் ஜன்னலின் வெளிச்சட்ட அளவு 78க்கு 98 சென்டிமீட்டர், அளவுநாடாவே தேவையில்லை.

நடுவில் சுழலும் வகை ஜன்னலின் கதவை அறைக்குள் நின்றபடியே கழற்ற முடியும். கூரையில் ஏறவோ சாரம் கட்டவோ வேண்டாம். சாரத்தின் வாடகையே கண்ணாடி விலையை மிஞ்சிவிடும். கதவு கனமானது, இரண்டு பேராவது பிடிக்க வேண்டும். அந்நாட்டுக் கட்டட விதிகள் மங்கிய கண்ணாடியை மாற்றுவதைப் பழுதுபார்ப்பாகவே கருதுகின்றன; தனி அனுமதி தேவையில்லை. உட்பக்கத்துக்கு, நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியே கேளுங்கள். உடைந்தாலும் தலையில் கொட்டாது.

மரச்சட்டம் உளுத்திருந்தாலோ, சுற்றியுள்ள தகரத்தின் வழியே மழைநீர் கசிந்தாலோ இது உதவாது. முழு ஜன்னலையும் மாற்றினால் கட்டட விதிகள் பொருந்தும். பதிவுபெற்ற நிறுவனத்தின் சான்றோ உள்ளாட்சியின் ஒப்புதலோ வேண்டும். அது தீயின்போது தப்பும் வழியாகவும் இருந்தால், திறப்பு குறைந்தது 0.33 சதுர மீட்டர், அகலமும் உயரமும் 450 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.