டீப் பர்ப்பிளின் ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தை முழுமையாகக் கேட்பது எப்படி?

கிட்டார் கற்கத் தொடங்கிய எவரும் முதல் சில வாரங்களுக்குள், பிரிட்டிஷ் ராக் குழுவான டீப் பர்ப்பிளின் ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்திலுள்ள ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பாடலின் தொடக்கத்தை வாசித்துப் பார்த்துவிடுவார்கள். இசைக்கருவிக் கடைக்குள் நுழைந்து பத்து நிமிடம் நின்றால், யாராவது ஒருவர் அதைத் தட்டுத்தடுமாறி மீட்டுவது காதில் விழும். அந்த ஆல்பத்தைக் கேட்பதற்குப் பெரிய தடையாக இருப்பதும் இந்தப் பிரபலம்தான். அந்தச் சிறு ஸ்வரத் தொடரை அறிந்தவர்களில் பலர் ஆல்பத்தையே அறிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். 1972 மார்ச்சில் வெளிவந்த ‘மெஷின் ஹெட்’ ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஏன் சலிக்கவில்லை என்பதைக் காதாலேயே கண்டுகொள்ள விரும்புபவர்களுக்காக, நான் கேட்டுப் பழகிய முறையை இங்கே விவரிக்கிறேன்.

முதலில் எந்தப் பதிப்பைக் கேட்பது என்று தீர்மானிக்க வேண்டும். இணைய இசைச் செயலியில் தேடினால், ஒரே அட்டைப்படத்தோடு பல பதிப்புகள் வரிசையாக வந்து நிற்கும். 1997-இல் குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் ரோஜர் க்ளோவர் மறுகலவை (ரீமிக்ஸ்: தனித்தனியாகப் பதிவான ஒலிகளைப் புதிதாகச் சேர்த்தமைப்பது) செய்த பதிப்பு ஒன்று உண்டு. 2024-இல் கிட்டார் கலைஞர் ட்வீசில் ஜப்பா செய்த மறுகலவையும் உண்டு. இரண்டுமே சுவாரசியமானவை என்றாலும், முதன்முறை கேட்பவர் 1972-ஆம் ஆண்டின் மூலக் கலவையைக் கேட்பதே நல்லது. ஏழு பாடல்கள், சுமார் 37 நிமிடங்கள் என்று இருந்தால் பாடல் வரிசையாவது மூல ஆல்பத்தினுடையது என்று கொள்ளலாம். கலவையைப் பற்றிய விவரம் ஆல்பத்தின் பெயரோடு இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பாடல்களை முன்பின்னாகக் கலைத்துப் போடும் வசதியை நிறுத்திவிடுங்கள்.

அடுத்து, கைப்பேசியின் சொந்த ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். நான் முதலில் அப்படித்தான் கேட்டேன். பேஸ் கிட்டார் என்று ஒன்று அந்த ஆல்பத்தில் இருப்பதே எனக்கு மாதக்கணக்கில் தெரியாது. காதில் நன்றாகப் பொருந்தும் சாதாரண ஹெட்ஃபோன் போதும். விலையுயர்ந்த சாதனம் எதுவும் தேவையில்லை.

கேட்பதற்கு முன் பின்னணியைச் சற்று அறிந்துகொள்வது உதவும். 1971 டிசம்பரில் டீப் பர்ப்பிள் குழுவினர் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ நகருக்குச் சென்றபோது, அங்கிருந்த காசினோ கட்டடத்தில் ஆல்பத்தைப் பதிவு செய்வதாகத் திட்டம். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான நடமாடும் ஒலிப்பதிவு வண்டியையும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். டிசம்பர் 4 அன்று அந்தக் காசினோவில் அமெரிக்க ராக் கலைஞரும் ட்வீசிலின் தந்தையுமான ஃபிராங்க் ஜப்பாவின் நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது, பார்வையாளர்களில் ஒருவர் தீப்பிழம்பை எய்யும் சமிக்ஞைத் துப்பாக்கியால் கூரையை நோக்கிச் சுட, கட்டடம் முழுவதும் எரிந்துபோனது. உயிரிழப்பு ஏதுமில்லை. ஜெனீவா ஏரியின் மீது புகை படர்ந்த காட்சிதான் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ என்ற தலைப்பாக மாறியது. பிறகு அவர்கள் வேறொரு அரங்கில் பதிவைத் தொடங்க, அண்டை வீட்டார் இரைச்சல் தாங்காமல் புகார் செய்து காவலர்கள் வந்துவிட்டார்கள். கடைசியில் குளிர்காலத்துக்காக மூடப்பட்டிருந்த கிராண்ட் ஹோட்டலின் நடைவழியில், மெத்தைகளைச் சுவர்களில் சாய்த்து ஒலியைத் தடுத்துக்கொண்டு வாசித்தார்கள். வாசித்ததைக் கேட்டுப்பார்க்க வேண்டுமென்றால், அறைகளையும் பால்கனிகளையும் கடந்து வெளியே நின்ற வண்டிக்குப் போக வேண்டியிருந்ததால், ஒரு கட்டத்தில் அந்த வழக்கத்தையே கைவிட்டார்கள். ஐந்து பேர் ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டு ஒரே நேரத்தில் வாசிப்பதன் உயிர்ப்பு இந்த ஆல்பம் முழுவதும் இருப்பதற்கு, இந்த நெருக்கடியும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இனி கேட்கத் தொடங்கலாம். இசைத்தட்டுக் காலத்தில் முதல் பக்கம் நான்கு பாடல்கள், இரண்டாம் பக்கம் மூன்று. நீங்களும் நான்காவது பாடல் முடிந்ததும் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு வந்து தொடருங்கள். தட்டைத் திருப்பிப் போடும் அந்த இடைவெளியை மனத்தில் வைத்தே வரிசை அமைக்கப்பட்டிருக்கிறது.

முதல் பாடலான ‘ஹைவே ஸ்டார்’ உருவான கதை வேடிக்கையானது. போர்ட்ஸ்மத் நகருக்குப் பேருந்தில் போகும்போது, உடன் வந்த பத்திரிகையாளர் ஒருவர் பாடல்களை எப்படி உருவாக்குகிறீர்கள் என்று கேட்க, குழுவின் கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் கிட்டாரை எடுத்து “இப்படித்தான்” என்பதுபோல் மீட்டத் தொடங்கியதில் பிறந்த பாடல் அது. இதில் முதலில் ஜான் லார்டின் ஆர்கன் தனிவாசிப்பு வரும், அதன்பின் பிளாக்மோரின் கிட்டார். கிட்டார் பகுதி அந்த நேரத்து மனோதர்மம் அன்று. ஒவ்வொரு ஸ்வரமும் முன்பே திட்டமிடப்பட்டது. ஆகவே அதை ஒரு சிறு கிருதியைக் கேட்பதுபோல், எங்கிருந்து புறப்பட்டு எங்கே போய்ச் சேருகிறது என்ற கவனத்தோடு கேளுங்கள். ஏறி இறங்கும் அதன் ஸ்வர அடுக்குகளில் ஜெர்மானிய செவ்வியல் இசையமைப்பாளர் பாஹ்கின் சாயல் தெளிவாகத் தெரியும்.

‘மேபி ஐ ஆம் எ லியோ’ பாடலில் கையால் தாளம் போட்டுப் பாருங்கள். அடிப்படைத் தொடர் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், எடுக்காமல், இடம் தள்ளி எடுப்பதை உடனே உணர்வீர்கள். நம் கச்சேரிகளில் தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இது கண்டுபிடிக்க எளிய இன்பம். ‘பிக்சர்ஸ் ஆஃப் ஹோம்’ பாடலில் க்ளோவர் பேஸ் கிட்டாரில் சிறிய தனிவாசிப்பு ஒன்றைச் செய்கிறார். ‘நெவர் பிஃபோர்’தான் ஆல்பத்திலிருந்து முதலில் தனிப்பாடலாக (சிங்கிள்) வெளியிடப்பட்டது. நல்ல பாடல்தான், ஆனால் மற்ற ஆறுக்கும் சற்றுக் கீழே என்றுதான் எனக்குப் படுகிறது.

இரண்டாம் பக்கம், ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’. எத்தனை முறை கேட்டிருந்தாலும், இதற்கென்று தனியாகப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தொடக்கத் தொடரில் மொத்தம் 12 மீட்டல்கள். ஸ்வரமாகப் பாடினால் ச-க-ம, ச-க-ம-ம, ச-க-ம, க-ச. காந்தாரம் சாதாரண காந்தாரம். மத்திமம் சுத்த மத்திமம். இரண்டாவது அடியில் மட்டும் அதற்குச் சற்று மேலேயுள்ள பிரதி மத்திமத்தைத் தொட்டுவிட்டுச் சுத்த மத்திமத்துக்கு இறங்குகிறது. அந்த ஒரு ஸ்வரத்தை நீக்கிவிட்டுப் பாடிப் பாருங்கள். தொடர் உயிரற்றுப் போவதைக் காண்பீர்கள். இன்னொன்று: ஒவ்வொரு மீட்டலிலும் ஒலிப்பது ஒரு ஸ்வரம் அன்று, இரண்டு. முதல் மீட்டலில் ஷட்ஜத்தோடு அதன் கீழேயுள்ள பஞ்சமமும் சேர்ந்து ஒலிக்கிறது. தம்புராவின் முதல் இரண்டு தந்திகளுக்கு இடையே உள்ள அதே இடைவெளிதான் இது. பிளாக்மோர் தந்தி மீட்டும் சிறு வில்லையைக் (பிக்) கொண்டு மேலிருந்து கீழே உரசாமல், இரண்டு தந்திகளையும் விரல்களால் ஒருசேரச் சுண்டுகிறார். இரண்டும் முன்பின்னின்றி ஒரே கணத்தில் ஒலிப்பதால்தான் தொடருக்கு அந்த இறுக்கம் கிடைக்கிறது. கடையில் வாசித்துப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

இப்போது மீண்டும் முதலிலிருந்து போட்டு, யார் எப்போது உள்ளே வருகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். கிட்டார் தனியாகத் தொடங்குகிறது. அடுத்து டிரம்ஸ் கலைஞர் இயான் பேஸின் ஹை-ஹாட் சிம்பல்களும் (காலால் இயக்கும் ஜோடித் தட்டுகள்), கிட்டாருடன் ஒட்டிக்கொண்டு கரகரக்கும் ஆர்கனும். அதன்பின் மற்ற டிரம்கள். பேஸ் கிட்டார் வருவது அவர்களுக்கெல்லாம் பிறகுதான். அது நுழையும் கணத்தில் அறையின் தரை சற்றுக் கீழிறங்கியதுபோல் தோன்றும். கைப்பேசி ஒலிபெருக்கி வேண்டாம் என்று சொன்னது இந்தக் கணத்துக்காகவே.

‘லேஸி’ வேறு வகை. ஏழு நிமிடத்துக்கும் மேல் நீளும் இந்த ப்ளூஸ் பாடலில் பாதிக்கு மேல் வாத்திய இசைதான். குழுவின் பாடகர் இயான் கில்லன் பாட வருவதற்குள் நான்கு நிமிடம் ஓடிவிடும். பொறுமையிழந்து நகர்த்திவிட வேண்டாம். கிட்டாரும் ஆர்கனும் ஒன்றையொன்று சீண்டி விளையாடுவது தனியாவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிப்பதை நினைவூட்டும். முடிவாக வரும் ‘ஸ்பேஸ் டிரக்கின்’ விண்வெளியில் ஊர்சுற்றுவதைப் பற்றிய கேலிப் பாட்டு. பொருளைத் தேடாமல் டிரம்ஸைப் பின்தொடருங்கள்.

ஒரு வாரம் கழித்து இரண்டாம் முறை கேட்கும்போது, முழு ஆல்பத்திலும் ஜான் லார்டை மட்டும் தொடருங்கள். இது முதலில் கடினம், ஏனென்றால் ஆர்கன் எது, கிட்டார் எது என்று பிரித்தறிய முடியாது. ஹாமண்ட் என்ற மின்சார ஆர்கனுடன் வழக்கமாக இணைக்கும் சுழல் ஒலிபெருக்கியை விட்டுவிட்டு, கிட்டார் கலைஞர்கள் பயன்படுத்தும் மார்ஷல் ஒலிபெருக்கியில் அவர் அதை இணைத்தார். மேற்கத்திய செவ்வியல் இசை பயின்றவர், 1969-இல் ராயல் ஆல்பர்ட் ஹாலில் சேர்ந்திசைக் குழுவுக்கும் ராக் குழுவுக்குமாகத் தாமே இயற்றிய கான்செர்ட்டோவை அரங்கேற்றியவர், தம் கருவியை வேண்டுமென்றே கரகரக்கவைத்தார். ‘லேஸி’யின் தொடக்கத்தில் ஆர்கன் மட்டும் தனியே ஒலிக்கிறது, அங்கே அதன் குரலைக் காதில் பதித்துக்கொண்டு மற்ற பாடல்களுக்குப் போனால், எங்கெங்கே அவர் ஒளிந்திருக்கிறார் என்பது ஒவ்வொன்றாகப் புலப்படும்.

இவ்வளவும் ஆனபின், அதே ஆண்டு ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் மேடையில் பதிவான ‘மேட் இன் ஜப்பான்’ ஆல்பத்தை எடுங்கள். ‘மெஷின் ஹெட்’டின் ஏழில் நான்கு பாடல்கள் அதில் உண்டு. நான்கரை நிமிட ‘ஸ்பேஸ் டிரக்கின்’ அங்கே ஏறக்குறைய இருபது நிமிடம் நீள்கிறது; அதைக் கடைசியில் வைத்துக்கொண்டு, ‘லேஸி’யிலிருந்து தொடங்குங்கள்.