முனைய அமர்வுகளைப் பதிவுசெய்து பகிர்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மென்பொருளை நிறுவும் முறையை விளக்க, முனையத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சிட்டுக் கணினியை இயக்கும் சாளரத்தில், நடந்ததை அப்படியே பதிவுசெய்து ஆவணத்தில் சேர்ப்பது நல்ல வழி. ஆனால் அந்தப் பதிவைக் காணொளி என்று எண்ணிவிடுவதே பெரும்பாலான தவறுகளுக்கு வேர். ஆஸ்கினிமா போன்ற கருவிகள் திரையைப் படம் பிடிப்பதில்லை; முனையத்தில் வெளிப்படும் எழுத்துகளையும் வண்ணக் குறியீடுகளையும், அவை வந்த நேரத்தோடு சேர்த்து, உரைக் கோப்பாக எழுதி வைக்கின்றன.

ஆகவே ஒரு சேவைக்குள் நுழையக் கடவுச்சொல்போலப் பயன்படும் ரகசியச் சாவி ஒன்று திரையில் நொடிப்பொழுது தோன்றி மறைந்தாலும் அது கோப்பில் நிலைத்துவிடும். கிளியர் கட்டளை திரையைத்தான் துடைக்கும், பதிவைத் துடைக்காது. நிர்வாகி உரிமையோடு கட்டளையை இயக்கும் சூடோ கேட்கும் கடவுச்சொல் திரையில் தெரிவதில்லை என்பதால் வழக்கமாகப் பதிவாகாது. விசை அழுத்தங்களையும் சேமிக்கும் விருப்பத்தை இயக்கியிருந்தால் அதுவும் பதிவாகிவிடும். பகிர்வதற்கு முன் கோப்பில் சாவியைத் தேடிப் பார்ப்பவர்கள்கூட ஏமாறுவதுண்டு. கையால் தட்டச்சிட்ட சொல் பெரும்பாலும் எழுத்தெழுத்தாகத் தனித்தனி வரிகளில் பதிவாவதால், முழுச் சொல்லைத் தேடினால் அகப்படாது. நேரக் குறிப்புகளை நீக்கி, எழுத்துகளை ஒன்றிணைத்த பிறகே தேட வேண்டும். இதைவிடப் பாதுகாப்பானது, பதிவுக்கென்றே தனிப் பயனர் கணக்கையோ, கணினிக்குள் தனித்து இயங்கும் சூழலான கன்டெய்னரையோ உருவாக்கி, முடிந்ததும் செல்லாததாக்கிவிடக்கூடிய சாவிகளை மட்டும் அதில் பயன்படுத்துவது. கன்டெய்னரில் பதிவுசெய்தால், கணினியின் பெயரும் உள் சேவையகங்களின் முகவரிகளும்கூட வெளியே கசியும் வாய்ப்பு குறையும். உண்மையான சாவி வெளியாகிவிட்டால், கோப்பை அழிப்பதற்கு முன் சாவியை ரத்து செய்யுங்கள். பிரதி எடுத்தவர் யார் என்பதை எவராலும் அறிய இயலாது.

சாளரத்தின் அகலமும் கவனத்துக்குரியது. 200 நெடுவரிசைகளில், அதாவது ஒரு வரிக்கு 200 எழுத்துகள் என்ற அகலத்தில், பதிவுசெய்தது கைபேசியில் படிக்க முடியாத அளவுக்குச் சுருங்கிவிடும். 80 நெடுவரிசை, 24 வரி என்ற பழைய அளவே இன்றும் பொருந்துகிறது. நீண்ட மௌனங்களை, செயலற்ற நேரத்துக்கு வரம்பிடும் விருப்பத்தால் 2 நொடிகளுக்குள் அடக்கலாம். ஆனால் உண்மையிலேயே பத்து நிமிடம் எடுக்கும் கட்டளை அதனால் உடனே முடிவதுபோலத் தோன்றும் என்பதால், அந்த நேரத்தை அருகில் எழுதிவிட வேண்டும்.

பதிவை ஜிஃப் படமாக மாற்றி ஒட்டுவது எளிதுதான், ஆனால் படிப்பவருக்கு அது பெரிய இழப்பு என்றே கருதுகிறேன். அதில் கட்டளையை நகலெடுக்க முடியாது, விரும்பிய இடத்தில் நிறுத்த முடியாது, திரைவாசிப்பானால் படிக்கவும் முடியாது. எந்த வடிவில் பகிர்ந்தாலும், பயன்படுத்திய கட்டளைகளை முழுமையாக உரையாகவும் கொடுங்கள். மென்பொருளின் பதிப்பு எண்ணையும் குறிப்பிடுங்கள். அந்தக் கட்டளைகளை ஒரு நிரல் கோப்பில் சேமித்து வைத்தால், அடுத்த பதிப்பு வெளியாகும்போது அதே அமர்வைத் தட்டச்சுப் பிழையின்றி மறுபடி பதிவுசெய்ய முடியும்.