பிரிண்ட் வரவில்லையா? முதலில் பக்கத்து மேசையில் கேளுங்கள்

சிங்கப்பூர் ஊபியில் ஒரு சின்ன ஆபீஸ், பதினோரு பேருக்கு ஒரே பிரிண்டர். நான் பார்ப்பது சரக்கு அனுப்பும் வேலை. ஆனால் எப்போதோ ஒருமுறை சிக்கிய தாளை எடுத்துக் கொடுத்த பாவத்துக்கு, அன்றிலிருந்து "தம்பி, பிரிண்ட் வரலப்பா" என்று குரல் வந்தால் நான்தான் எழுந்து போக வேண்டும். கீழே லாரி நிற்கும், ஓட்டுநர் டிஓ (சரக்கோடு போகும் டெலிவரி ஆர்டர் சீட்டு) கேட்டு போன் மேல் போன் போடுவார், மேலே பிரிண்டர் கம்மென்று இருக்கும். அப்படிப் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

பிரிண்ட் வராவிட்டால் மறுபடி மறுபடி பிரிண்ட் கொடுக்காதீர்கள். கோளாறு சரியானதும் அந்த 40 பக்கமும் ஆறு பிரதியாக வந்து விழும். எழுந்து நின்று பக்கத்து மேசையில் "உங்களுக்கு வருதா?" என்று கேளுங்கள். யாருக்குமே வரவில்லை என்றால் கோளாறு பிரிண்டரிலோ, அதன் கேபிளிலோ, பிரிண்டரைப் பகிர்ந்து கொடுக்கிற கணினியிலோதான் இருக்கும். உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால் உங்கள் கணினியை விட்டு நகரவே வேண்டாம். இதைக் கேட்காமல் பிரிண்டர் டிரைவரை (கணினியைப் பிரிண்டரோடு பேச வைக்கும் மென்பொருள்) அழித்து மறுபடி போட்டு ஒரு மத்தியானத்தையே தொலைத்தவன் நான். பிரிண்டரின் நெட்வொர்க் கேபிள் கழன்று கிடந்தது, துப்புரவுக்கு வந்தவர் மேசையை நகர்த்தியிருக்கிறார்.

யாருக்கும் வராதபோது பிரிண்டரின் திரையைப் படியுங்கள். நாம் பயன்படுத்துவது ஏ4 தாள். யாரோ அமெரிக்காவிலிருந்து வந்த கோப்பை அப்படியே அனுப்பியிருந்தால் பிரிண்டர் லெட்டர் அளவுத் தாள் வை என்று கேட்டுவிட்டு நின்றுவிடும், பின்னால் வரிசையில் இருக்கும் எல்லாருடைய வேலையும் அதோடு மாட்டிக்கொள்ளும். அந்த ஒன்றை ரத்து செய்தால் போதும். திங்கட்கிழமை காலையில் மட்டும் தாள் சிக்குகிறதா? சனி ஞாயிறு ஏர்கான் ஓடாது, பிரித்து வைத்த தாள் நம் ஊர் ஈரத்தைக் குடித்துவிடும். மிச்சத் தாளை உறையிலேயே மூடி வையுங்கள்.

தாளும் மையும் சரியாக இருக்கிறது, ஆனால் கணினியில் மட்டும் 'ஆஃப்லைன்' என்று காட்டுகிறது. அதிகம் ஏமாற்றுவது இதுதான். பிரிண்டரின் மெனுவில் நெட்வொர்க் விவரப் பக்கம் என்று ஒன்று இருக்கும், அதை அச்சிட்டு ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் பிரிண்டரின் வீட்டு எண்ணைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடமிருந்து அதற்கு முகவரியே கிடைக்கவில்லை: கேபிளைப் பிடுங்கிச் செருகி, பிரிண்டரை அணைத்துப் போடுங்கள். ஒழுங்கான முகவரி இருந்தால் உங்கள் கணினியில் பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ், அதில் போர்ட்ஸ் (பிரிண்ட் எந்த முகவரிக்குப் போகிறது என்று காட்டும்) பக்கம் போய் அங்கே என்ன எண் இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். எங்கள் ஆபீஸில் ஒருநாள் கரண்ட் டிரிப் ஆகி வந்த பிறகு ரூட்டர் பிரிண்டருக்கு வேறு எண் கொடுத்துவிட்டது. தாளில் 192.168.1.47, கணினியில் 192.168.1.23. பதினோரு கணினியும் தப்பான புளோக்கில் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தன. போர்ட்டில் எண்ணை மாற்றினால் அன்றைக்கு ஓடும். நிரந்தரமாகத் தீர வேண்டுமென்றால் ரூட்டரில் அந்தப் பிரிண்டருக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கிவிடுங்கள். போர்ட்டின் பெயர் டபிள்யூஎஸ்டி (விண்டோஸ் தானாகத் தேடிப் போட்ட போர்ட்) என்று தொடங்கினால் அதை விட்டுவிட்டு 'ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி' போர்ட் ஒன்றைச் சேருங்கள். எண் சரியாக இருந்தும் ஆஃப்லைன் என்றே அடம்பிடித்தால், அதே போர்ட் அமைப்பில் எஸ்என்எம்பி (பிரிண்டரின் நிலையைக் கேட்டறியும் வசதி) என்று இருக்கும் டிக்கை எடுத்துப் பாருங்கள்.

வரிசையில் ஒரு வேலை 'டெலீட்டிங்' என்றே நின்று போகாமல் இருந்தால் ஸ்பூலரை, அதாவது பிரிண்ட் வேலைகளை வரிசையில் பிடித்து வைக்கும் விண்டோஸ் சேவையை, கழுவ வேண்டும். சர்வீசஸ் திறந்து பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்துங்கள், விண்டோஸ் கோப்புறையில் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் போய் உள்ளே இருக்கும் கோப்புகளை மட்டும் அழியுங்கள், அப்புறம் ஸ்பூலரைத் திரும்பத் தொடங்குங்கள். பகிர்கிற கணினியில் இதைச் செய்தால் எல்லாருடைய பிரிண்டும் போய்விடும், அதனால் முதலில் குரல் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள். எங்கள் அக்கவுண்ட்ஸ் அக்காவின் ஜிஎஸ்டி தாள்களை இப்படி ஒருமுறை ஊதித் தள்ளிவிட்டு, ஒரு வாரம் கோப்பி நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால், முதலில் வைஃபையைப் பாருங்கள். விருந்தினர் வைஃபையிலோ கைப்பேசி ஹாட்ஸ்பாட்டிலோ இருந்துகொண்டு பிரிண்டரைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர். அப்புறம் நெட்வொர்க் 'பப்ளிக்' என்று இருந்தால் 'பிரைவேட்' ஆக்குங்கள். அடுத்து, எந்தப் பிரிண்டருக்கு அனுப்பினீர்கள் என்று பாருங்கள். இயல்புப் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளும் என்கிற அமைப்பு இயங்கினால் கடைசியாகப் பயன்படுத்திய வேறொரு பிரிண்டருக்கு டிஓ போகும்.

ஒருவர் கணினி வழியாகப் பிரிண்டரைப் பகிர்வது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அவர் விடுப்பில் போனால் பிரிண்டரும் விடுப்பு, கணினி தூங்கினால் பிரிண்டரும் தூக்கம், அவர் பாஸ்வேர்டை மாற்றினால் மற்றவர்களுக்கு அனுமதி இல்லை என்று வரும். போதாததற்கு 2021இல் 'பிரிண்ட்நைட்மேர்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியான பிறகு மைக்ரோசாப்ட் இந்த வழியை ரொம்பவே இறுக்கிவிட்டது. பகிர்ந்த பிரிண்டருக்கு டிரைவர் போட அட்மின் உரிமை வேண்டும். ஒரு கணினி புதுப்பித்து இன்னொன்று புதுப்பிக்காமல் இருந்தால் 11பி, 709 என்று முடியும் பிழை எண்கள் வரும். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் இடம்) ஒரு மதிப்பை 0 ஆக்கு, 11பி போய்விடும் என்று இணையத்தில் சொல்வார்கள். போய்விடும்தான், கூடவே பாதுகாப்பும் போய்விடும். இரண்டு கணினியையும் புதுப்பியுங்கள். அதைவிட, பிரிண்டருக்கு நெட்வொர்க் வசதி இருந்தால் ஒவ்வொரு கணினியையும் நேராக அதன் ஐபி முகவரிக்கே இணைத்துவிடுங்கள், அரை நாள் வேலைதான்.

தமிழ் எழுத்து மட்டும் கட்டம் கட்டமாக வந்தால் நெட்வொர்க்கைக் குறை சொல்லாதீர்கள். கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி, அடோபி ரீடரின் பிரிண்ட் அமைப்பில் 'படமாக அச்சிடு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எங்கள் தீபாவளி விருந்து அழைப்பு இப்படித்தான் வெளியே வந்தது.

சரி, பிரிண்டர் உயிர் பெற்றுவிட்டதா? உடனே இருக்கைக்குத் திரும்பாதீர்கள். காலையிலிருந்து தேங்கிக் கிடந்ததெல்லாம் வரிசையாக வரும், அதில் யாருடைய சம்பளச் சீட்டும் இருக்கலாம், அடையாள அட்டை நகலும் இருக்கலாம். இங்கே 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிநபர் தரவைப் பாதுகாப்பது நிறுவனத்தின் பொறுப்பு. தாள்களைக் குப்புறக் கவிழ்த்து அவரவரிடம் கொடுங்கள், ஆறு பிரதியாக வந்த அந்த 40 பக்கத்தையும் சேர்த்துத்தான்.