மாத்திரை அட்டையை வெட்டாதீர்கள்: முகாம் பையில் நான் பார்க்கும் தவறுகள்

ஏலகிரிக்கு மாணவர்களை முகாமுக்கு அழைத்துப் போகும் ஒவ்வொரு முறையும், முந்தைய நாள் மாலை அவரவர் முதலுதவிப் பையைத் தரையில் கொட்டிக் காட்டச் சொல்வேன். பிளாஸ்டரையும் டெட்டாலையும் யாரும் மறப்பதில்லை. கொட்டியதில் கிடப்பவையெல்லாம் கல்லூரி நாட்களில் நான் செய்த அதே அசட்டுத்தனங்கள்தான்.

நறுக்கிய மாத்திரைகள்

சில ஆண்டுகளுக்கு முன், முகாமின் இரண்டாம் இரவு, பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. முகாமின் பொதுப் பெட்டியில் பாராசிட்டமால் இருந்தது. கொடுக்கப் போனபோது, "இப்போதுதான் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டேன், சார்" என்றான்.

"என்ன மாத்திரை?"

"வெள்ளை மாத்திரை, சார். அம்மாவுக்குத்தான் தெரியும்."

அவன் பையில் ஒரு ஜியோமெட்ரி பாக்ஸ். அதற்குள் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக நறுக்கிய மாத்திரைகள், எல்லாமே வெள்ளை. ஒன்றன் முதுகில் 'மால்' என்ற கடைசி எழுத்துகள் மட்டும் மிஞ்சியிருந்தன. வெறும் பாராசிட்டமாலா, வலி மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரையா? பையனுக்கோ ஆஸ்துமா, சில வலி மருந்துகள் ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு மூச்சிரைப்பைக் கிளப்பிவிடும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் உண்டு. தெரியாமல் மேலும் ஒன்றைக் கொடுத்தால் அளவு கூடிவிடும். அம்மாவின் போன் அணைந்திருந்தது. நள்ளிரவில் ஜீப் பிடித்து 14 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கினோம். மருத்துவமனையில் விடியும்வரை அவனைக் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள்.

காலையில் அம்மா போனில் கிடைத்தார். பாராசிட்டமால் 500. அவ்வளவுதான். "முழு அட்டை அந்த டப்பாவில் அடங்கவில்லை, அதனால் வெட்டினேன்" என்றார். ஜீப் வாடகை 1,800 ரூபாய்.

அந்த அம்மாவை நான் குறை சொல்ல முடியாது. என் முதல் முகாமுக்கு ஃபிலிம் ரோல் வரும் கறுப்பு டப்பாவில் நான்கு வகை மாத்திரைகளை உதிர்த்துப் போட்டுக்கொண்டு போனவன் நான். மூன்றாம் நாள் பார்த்தால் பாதி மாவாகியிருந்தது. ஆனாலும் வெட்டிய மாத்திரையைக் கண்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் பையை உங்களுக்கு முடியாதபோது திறக்கப்போவது வேறொருவர். அவருக்கு அந்த அட்டையில் உள்ள எழுத்துதான் வழி.

காலாவதித் தேதி பெரும்பாலும் அட்டையின் ஓர் ஓரத்தில்தான் இருக்கும். கடைக்காரர் வெட்டித் தரும் துண்டில் அது வராது. முழு அட்டையாகவே கேட்டு வாங்குங்கள். அதோடு ஒரு தாளை ரப்பர் பேண்டு போட்டுச் சுற்றுங்கள்: எந்த மாத்திரை எதற்கு, எத்தனை மணி நேரத்துக்கு ஒன்று, உங்கள் எடை, ஒத்துக்கொள்ளாத மருந்து, வீட்டில் இருவரின் போன் எண்கள். போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன் என்று சிலர் சொல்வார்கள். இரண்டாம் நாள் அந்த போனில் சார்ஜ் இருக்காது.

டம்ளரில் ஓ.ஆர்.எஸ்.

ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைப் பொடியில் ஏறக்குறைய 21 கிராம் உள்ள பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. வெயிலில் களைத்துப்போன ஒரு மாணவி அதை முழுசாக ஒரு டம்ளரில் கரைத்துக் குடிக்கப் போனதைத் தட்டிப் பறித்திருக்கிறேன். உப்புக் கூடிய கரைசல் குணப்படுத்தாது, நிலைமையை மோசமாக்கும். லிட்டர் பாட்டில் இல்லையென்றால் 200 மில்லிக்கான சிறு பொட்டலங்களை வாங்குங்கள். கலக்கியது 24 மணி நேரத்துக்குப் பின் மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும்.

வெறும் பஞ்சு

புண்ணில் ஒட்டிக்கொள்ளும், பிய்த்தால் இழை உள்ளே தங்கும். காஸ் துணி கொண்டுவாருங்கள்.

பிளேடும் கயிறும்

பாம்புக்கடிக்காம். இரண்டையும் பஸ்ஸிலேயே பிடுங்கி வைத்துவிடுவேன். கட்டாமல், கீறாமல், நடக்கவிடாமல் 108.

இன்ஹேலர் பெரிய பையில்

பெரிய பை வேனில் போகும். நீங்கள் நடந்து போவீர்கள்.

அட்டைக்கு உப்பு

இது வேறு அட்டை. மழைக்காலத்தில் வால்பாறைப் பக்கம் போகிறவர்கள் உப்பு எடுத்துவருவது சரிதான், ஆனால் கடித்துக்கொண்டிருக்கும் அட்டையின் மேலேயே கொட்டுகிறார்கள். அது குடித்ததைக் காயத்திலேயே கக்கிவிடும். வாய் பதிந்த இடத்தில் நகத்தை நுழைத்து நெம்பி எடுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், பயப்பட வேண்டாம். உப்பைக் கிளம்பும்போதே காலுறையில் தேய்த்துக்கொள்ளலாம். நான் அதை அந்தப் பழைய ஃபிலிம் டப்பாவில்தான் கொண்டுபோகிறேன், மேலே 'உப்பு' என்று எழுதி ஒட்டி.