பழைய பெட்டியை மறக்காத பிளக்குகள்

கும்பகோணம் வீட்டில் இசட்-வேவ் கன்ட்ரோலரை, அதாவது வீட்டுக் கருவிகளைக் கம்பியில்லாமல் இயக்கும் பெட்டியை, புதிதாக மாற்றியதும் ஸ்மார்ட் பிளக்குகள் எல்லாம் ஊமையாகிவிட்டன. பிளக்கின் பொத்தானை அழுத்தினால் திண்ணை விளக்கு எரிகிறது. செல்போனில் தொட்டால் அசைவே இல்லை. ஆக, பிளக்கில் பழுதில்லை. எல்லாவற்றையும் புதிதாக வாங்கச் சொன்ன கடைக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

ஒவ்வொரு இசட்-வேவ் வலையமைப்புக்கும் தனி அடையாள எண் உண்டு. பிளக் அதை நினைவில் வைத்திருக்கும். நம் ஊர் மின்வெட்டுக்கெல்லாம் மறக்காது. பழைய எண்ணை நீக்காமல் புதியதில் சேராது. நல்லவேளையாக, நீக்குவதற்குப் பழைய பெட்டி தேவையில்லை. எந்த இசட்-வேவ் கன்ட்ரோலரும் போதும். புதியதை நீக்கும் நிலையில் வைத்து, பிளக்கின் பொத்தானை மூன்று முறை விரைவாக அழுத்தினேன். சிறுவிளக்கு படபடவென்று மின்னி அணைந்தது. சேர்க்கும் நிலைக்கு மாற்றி மறுபடி அழுத்தியதும் பட்டியலில் வந்து உட்கார்ந்தது.

கொல்லைப்புறப் பிளக் மட்டும் அடம்பிடித்தது. முற்றத்தைச் சுற்றிய தடித்த செங்கல் சுவர்கள் அலையை விழுங்குகின்றன. பிளக்குகள் செய்தியை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்பவை என்பதால் கூடம், சமையலறை என அருகிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். கொல்லையும் வழிக்கு வந்தது.

மைத்துனர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பிளக் அலமாரியிலேயே கிடக்கிறது. அங்கே அலைவரிசை 908.42 மெகாஹெர்ட்ஸ், இங்கே 865.2.